லீக்ஸுக்கு முத்திரை குத்தும் நாள்

ஹில்டா ரெயினுக்கு லீக்ஸ் பிடிக்காது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருடமாக லீக்ஸ் சூப்பும் லீக்ஸ் புட்டிங்கும் செய்து கணவன் தட்டில் வைத்திருக்கிறாள்; ஒருநாள்கூடத் தான் ருசித்துச் சாப்பிட்டதில்லை. வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்பாள். ஈஸ்ட் ஹார்லாவில் இதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வேண்டும். நிலக்கரிச் சுரங்கம் மூடி ஒன்பது வருடமாகிவிட்டது. அந்த ஊர் ஆண்களுக்கு மிச்சமிருந்த மானம் மரியாதையெல்லாம் லீக்ஸில்தான் இருந்தது. அதுவும் கடையில் விற்கிற ஒல்லிக்குச்சி லீக்ஸ் இல்லை. குட்டையாக, ஆள் தொடைப் பருமனுக்கு, பால் வெள்ளையாக வளர்க்கிற ஜாதி.

ரயில் மேட்டுக்குக் கீழே நாற்பது நிலத்துண்டுகள் இருந்தன. கவுன்சில் வாடகைக்கு விட்டவை. ஊரார் வெறுமனே துண்டு என்பார்கள். பதினேழாம் துண்டு என்றால் வில்ஃப் ரெயின் என்று பால்காரனுக்கும் தெரியும். பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே வராமல் இருந்தார்கள். டீ ஃபிளாஸ்க்கைக் கதவண்டை கொடுத்துவிட்டு, அவரைக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டு வாசல், அடுப்படி, பள்ளிக்கூடம், சர்ச்சு எல்லாம் பெண்கள் ராஜ்ஜியம். இந்த ஒரு முழம் மண்ணாவது எங்களுக்கு இருக்கட்டுமே என்பது ஆண்களின் வாதம். ஹில்டா இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவள். வீட்டுக்கு வந்து மண்ணையும் கிண்ட அவளுக்கு ஆசையும் இல்லை.

வில்ஃப் அந்தத் துண்டுகளில் பெரிய மனிதன். பத்தொன்பது வருடம் லீக்ஸ் சங்கத்தின் முத்திரை டப்பா அவன் கையில் இருந்தது. செப்டம்பர் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சங்கத்தார் மூவர் துண்டு துண்டாகப் போவார்கள். மண்ணில் நிற்கிற லீக்ஸின் இலையில் ஊதா மையால் ஒரு குத்து. எவனோ வளர்த்ததை வாங்கி வந்து எவனோ பரிசு தட்டிப் போகக் கூடாதில்லையா, அதற்குத்தான். முத்திரை விழாத லீக்ஸ் ஆனைக்குட்டி மாதிரி இருந்தாலும் சூப்புக்குத்தான் போகும். மச்சானானாலும் சரி, மாமனானாலும் சரி, வில்ஃபிடம் சலுகை கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு வருடம் டப்பாவை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான். மறு வருடம் ஒரே துண்டுக்கு மூன்று முறை போனான். வயசாகிவிட்டது என்று அவனே சொல்லி, டப்பாவை நார்மன் ஹெஸ்லப் கையில் கொடுத்துவிட்டு விலகினான். வயசு இல்லை என்பது ஹில்டாவுக்கு மட்டும் தெரியும்.

போன வருடம் ஈஸ்டர் சமயத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, மருந்து என்று எதுவும் இல்லை. ஹில்டா அதை யாரிடமும் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் மகளிடம்கூட அப்பாவுக்குக் காது மந்தம் என்றுதான் சொல்லி வைத்தாள்.

சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை. வாடகைச் சீட்டில் ஒரு வரி இருக்கிறது: நிலத்தை வாடகைக்காரரே பயிர் செய்ய வேண்டும், இயலாமல் போனால் துண்டு அடுத்தவருக்கு. வரிசையில் முப்பது பேர் காத்திருந்தார்கள். பக்கவாதம் வந்த ஒருவரின் துண்டை, கவுன்சிலுக்காகத் துண்டுகளையும் மேற்பார்த்துவந்த நார்மன் ஹெஸ்லப்பே அந்த வசந்தத்தில் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்தான். கெட்டவன் இல்லை அவன், சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ரகம். துண்டு போய்விட்டால் வில்ஃப் என்ன ஆவான் என்பதை அதே வருடம் ஜூன் மாதம் ஹில்டா கண்ணால் பார்த்துவிட்டாள். ஒரு வாரம் விடாமல் மழை. துண்டுக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் வில்ஃப் அடுப்பைப் பற்ற வைக்காமல் கேஸைத் திறந்துவிட்டான். ஐந்தாம் நாள், யாரோ ஒரு பொம்பளை வீட்டுக்குள் புகுந்துவிட்டாள் என்று கூச்சல் போட்டு அவள் முகத்தில் ஓங்கிக் குத்தினான். மழை விட்டதும் அழைத்துப்போய் மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள். ஒரு பாத்தியை நேர்த்தியாகக் கொத்திவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரித் தூங்கினான்.

மாதம் ஒருமுறை வருகிற நர்ஸ் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "முடியலைன்னா சொல்லும்மா. முதியோர் இல்லத்துல இடம் காலியாகும். நீ ஒண்ணும் இரும்பு இல்ல," என்றாள்.

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு. எனக்கு ஒண்ணும் முடியாம இல்ல," என்றாள் ஹில்டா.

அவள் கணக்கு எளிமையானது. துண்டு இருக்கிறவரை வில்ஃப் வீட்டில் இருப்பான். துண்டு போனால் இல்லத்துக்குத்தான் போவான்.

ஆகவே அறுபத்து நான்கு வயதில் அவள் தோட்ட வேலை கற்றுக்கொண்டாள், அதுவும் கற்றுக்கொள்வது தெரியாமல். டீ ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்து அங்கேயே தங்கிவிடுகிற வழக்கத்தை முதலில் உண்டாக்கினாள். பக்கத்துத் துண்டுக்காரர்கள் கேலி பேசினார்கள்.

"என்ன வில்ஃப், வீட்டம்மா உன்னைய நம்ப மாட்டேங்குதா? இங்க எவளையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"உரக் குவியலுக்குள்ள தேடிப் பாருங்க, கிடைப்பா," என்று ஹில்டாவே பதில் சொல்லிவிடுவாள். வில்ஃப் சிரிப்பான். யாரும் மேற்கொண்டு பேச மாட்டார்கள்.

வேலை கற்க அவள் கண்டுபிடித்த வழி வேண்டுமென்றே தப்பாகச் செய்வது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் வில்ஃப் திருதிருவென்று விழிப்பான், வார்த்தை வராது. தப்பாகச் செய்தால் மட்டும் எங்கிருந்தோ கோபம் வரும், கோபத்தோடு விவரமும் வரும்.

"இந்த உருளைக்கிழங்க இன்னைக்கே தோண்டிடறேன், செடியெல்லாம் கருகிப் போச்சு."

"அடிப் பைத்தியக்காரி! தண்ட மட்டும் தரையோட வெட்டு. கிழங்கு ரெண்டு வாரம் மண்ணுக்குள்ள கிடக்கட்டும், தோல் இறுகணும். வெட்டுனத எரிச்சுப்புடு, உரக்குழில போட்டியோ அடுத்த வருஷமும் கருகும்."

"இந்த அவரைக்காய் சின்னதா இருக்கே, முத்தட்டும்னு விட்டுடவா?"

"விட்டா காய்ப்பு நின்னுரும் புள்ள. ஒருநாள் விட்டு ஒருநாள் பறி. வேண்டாம்னாலும் பறி. பக்கத்து வீட்டு வாசல்ல போட்டுட்டு ஓடி வந்துரு."

திட்டு வாங்கி வாங்கி ஒரு கோடைக்காலத்தை ஓட்டினாள். இப்படித் திட்டினால் மற்ற பெண்களுக்குக் கோபம் வரும். ஹில்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தத் திட்டில்தான் பழைய வில்ஃப் முழுசாக இருந்தான்.

இந்த வருடம் ஜூலைக் கடைசியில் ஒருநாள் ஸ்ட்ராபெர்ரிப் பாத்தியில் உட்கார்ந்திருந்தாள். செடிகள் நாலா பக்கமும் கொடி விட்டு, நுனியில் குட்டிச் செடி பிடித்திருந்தன. அந்தக் குட்டிகளைச் சின்னத் தொட்டி மண்ணில் ஊன்றி வேர் பிடிக்கவிட வேண்டும் என்று போன வருடமே அவளுக்குத் தெரியும். பழக்க தோஷத்தில் கேட்டாள்.

"எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிடவா வில்ஃப்?"

வில்ஃப் அவளைப் பார்த்துச் சிரித்தான். "எறிஞ்சிரு," என்றான்.

"அடியோட பிடுங்கிடவா?"

"உங்க இஷ்டம்ங்க."

ங்க போட்டுப் பேசினான், கடைக்காரியிடம் பேசுவது போல. ஹில்டா கொட்டகைக்குப் பின்னால் போய், தண்ணீர்ப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பதினான்கு குட்டிச் செடிகளையும் தொட்டியில் ஊன்றி முடித்தாள்.

அதிலிருந்து முழு வேலையும் அவள் தலையில். நூலகத்தில் தோட்டப் புத்தகம் எடுத்து வந்து மாவு டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்துப் படித்தாள். யாரிடமிருந்து மறைத்தாளோ தெரியாது. கோடை முடியப் போகிற சமயம் தோட்டத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. எல்லாம் ஒரேயடியாக முற்றும், ஒரேயடியாகக் கெடும். வெங்காயத் தாள் சாய்ந்ததும் பிடுங்கி, பழைய கட்டில் கம்பிச் சுருளின் மேல் பரப்பிக் காயப் போட்டாள். தக்காளிச் செடியின் தலையைக் கிள்ளி, அடி இலையைக் கழித்தாள். அடுத்த வசந்தத்து முட்டைக்கோசுக்கு விதை போட்டாள். அடுத்த வசந்தத்தில் அதை யார் தின்னப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. இடுப்பு விட்டுப் போயிற்று. இதெல்லாம் போக லீக்ஸ். மழைத் தண்ணீரைப் பீப்பாயிலிருந்து மொண்டு, இலையில் பட்டுவிடாமல் வேருக்கு மட்டும் ஊற்ற வேண்டும். வெயில் சுட்டால் மல்துணி கட்ட வேண்டும். பிடிக்காத பயிரை அவள் வீம்புக்கு வளர்த்தாள். சங்கத்தின் புத்தகத்தில் பதினேழாம் துண்டுக்கு நேராக மூன்று லீக்ஸ் என்று ஏறிவிட்டால், வில்ஃப் ரெயின் இன்னும் பயிர் செய்கிறான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னும் ஒரு வருடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

வில்ஃபோ மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வேலி ஓரம் யாராவது தலையைக் காட்டினால் ஹில்டா சட்டென்று களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறப்பாள்.

முத்திரை குத்துவது ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. ஹில்டா பத்து நாள் யோசித்துத் திட்டம் போட்டாள். நார்மன் வந்து நின்று பழங்கதை பேசுவான், வில்ஃப் உளறினால் குடி முழுகிப் போகும். ஆகவே வில்ஃபுக்குப் பல்வலி. தாடையைச் சுற்றி மஃப்ளர் கட்டி, கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட வேண்டும். பல்வலிக்காரனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். வந்தவர்கள் வாய் சும்மா இராமல் இருக்க ஹாமும் பட்டாணிக் கூழும் வைத்து, ஸ்டாட்டி என்கிற அந்த ஊர்த் தட்டை ரொட்டி. தின்கிற வாய் கேள்வி கேட்காது என்பது பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் கற்ற பாடம்.

அன்று காலை வில்ஃபை நன்றாகச் சவரம் செய்துவிட்டாள். பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று வெள்ளைச் சட்டையும் கோடு போட்ட டையும் எடுத்துப் போட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. துண்டு வைத்திருந்த எந்த ஆணும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். முத்திரை நாளுக்கு யாரும் டை கட்டுவதில்லை. சேற்றுக் கால்சட்டையோடுதான் நிற்பார்கள். டை கட்டுவது வருடத்தில் ஒரே நாள், கண்காட்சி அன்று. நாற்பத்தொரு வருடத்தில் முத்திரை நாள் எதிலும், வில்ஃபே ஒருவழியாகச் சமாளித்த போன வருடம்கூட, ஹில்டா கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

"கமிட்டிக்காரங்க இன்னைக்கு லீக்ஸ் பாக்க வர்றாங்க வில்ஃப். நீ பேசவே வேண்டாம், என்ன?"

வில்ஃப் குனிந்து டையைப் பார்த்தான். தடவிப் பார்த்தான். "இன்னைக்கா?" என்றான். பல மாதமாகக் காணாத தெளிவு அவன் முகத்தில் வந்தது. ஹில்டா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அதை நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் தன்னையே சபித்துக்கொண்டாள்.

துண்டில் அவனை உட்கார வைத்தபோது மணி ஒன்பது. மஃப்ளரும் ரொட்டிக் கூடையும் வீட்டிலேயே நின்றுவிட்டன. மூன்று தெரு தூரம்தான். "இப்படியே உக்காந்திரு, இதோ வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். ரொட்டியை அறுத்து, ஹாம் வைத்து, துணி சுற்றி, திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கதவருகே வரும்போதே தெரிந்துவிட்டது. மல்துணிப் பந்தல் நிழலில் மூன்று குழிகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

வில்ஃப் கொட்டகைக்கு முன்னால் பலகை போட்டு, மேலே கறுப்புத் துணி விரித்திருந்தான். துணியின் மேல் மூன்று லீக்ஸ். வேரில் ஒரு நரம்புகூட அறுபடாமல் தோண்டி எடுத்து, பீப்பாய்த் தண்ணீரில் கழுவி, வேர்களை வெள்ளைத் தாடி போல வாரிவிட்டு, இலைகளை மடக்கி நாரால் கட்டி, மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கும்படி வைத்திருந்தான். அத்தனை அழகாக அவள் எதையும் பார்த்ததில்லை. பெயர் மறந்தவன், பெண்டாட்டியை மறந்தவன், இதை மறக்கவில்லை. டையெல்லாம் நனைந்திருக்க, அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு பலகைக்குப் பின்னால் விறைப்பாக நின்றான்.

"வில்ஃப், என்ன பண்ணிட்ட?"

"தள்ளி நில்லு புள்ள. ஜட்ஜு வர்ற நேரம்."

திருப்பி நட்டுவிடலாமா என்று ஒரு கணம் குழியைப் பார்த்தாள். அதற்குள் நார்மன் ஹெஸ்லப்பும் இரண்டு சங்கத்தாரும் வரப்பில் வந்துவிட்டார்கள். நார்மன் கையில் முத்திரை டப்பா, இன்னொருவன் கையில் புத்தகம்.

"லேட்டு," என்றான் வில்ஃப் சத்தமாக. "ஜட்ஜு எங்கப்பா? ஒம்போதரைக்கே மேஜைய மூடிரணும்னு விதி இருக்கா இல்லையா?"

நார்மன் லீக்ஸைப் பார்த்தான், டையைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். கடைசியாக ஹில்டாவைப் பார்த்தான். சுரங்கத்தில் இருபது வருடம் வில்ஃபோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவன். விஷயம் புரிய அவனுக்கு நேரம் ஆகவில்லை. கூட வந்தவர்களில் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நார்மன் முழங்கையால் ஒரு இடி கொடுத்தான்.

"ஜட்ஜு வந்துட்டிருக்காரு வில்ஃப். அதுவரைக்கும் நான் பாக்கறேனே," என்று சொல்லி, பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொரு லீக்ஸையும் சுற்றி அளந்தான். "அடேயப்பா. இந்த வருஷம் இத அடிக்க ஆள் இல்லடா."

ஹில்டா அவன் சட்டைக் கையைப் பிடித்துக் கொட்டகைப் பக்கம் இழுத்தாள். மானம் மரியாதை எதையும் பார்க்கவில்லை.

"முத்திரைய குத்திரு நார்மன். நீங்க போனதும் நான் திரும்ப நட்டுர்றேன். மூணு வாரம் ஈரச் சாக்குல சுத்தியாவது வச்சிருக்கேன். புஸ்தகத்துல மூணுன்னு மட்டும் எழுதிக்க."

"எத்தன நாளா இப்படி?"

"போன வருஷம் ஈஸ்டர்லேர்ந்து."

"அப்ப இதெல்லாம் யாரு பண்ணது? வெங்காயம், அவரை, அந்த முட்டைக்கோசு நாத்து?"

நார்மன் அவள் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் கறுத்து, வெடித்துப் போன கை.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா? துண்டப் பிடுங்கியிருப்ப. இது போனா அவன் இல்லத்துக்குப் போயிருவான். உன் கால்ல வேணும்னா விழறேன், குத்திரு."

நார்மன் ஹெஸ்லப் தன் வாழ்நாளில் ஒரு விதியையும் மீறியதில்லை. டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் போனதில்லை. அவன் பலகைக்குத் திரும்பி வந்து டப்பாவைத் திறந்தான். முத்திரையை மையில் ஒற்றி, முதல் லீக்ஸின் இலையில் குத்தினான். இரக்கத்தோடுதான் செய்தான். அந்த இரக்கத்தைப் போலக் கொடுமையானது அன்று வேறெதுவும் இல்லை.

வில்ஃப் ஊதா வட்டத்தைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"என்னடா பண்ற?"

"முத்திரை, வில்ஃப்."

"முத்திரை மண்ணுல நிக்கற லீக்ஸுக்கு. வெட்டி எடுத்ததுக்கு எவனாவது குத்துவானா? பத்தொம்பது வருஷம் அந்த டப்பாவ நான் தூக்கியிருக்கேன்டா, எனக்கேவா?" என்று கத்தியவன் பாதியில் நிறுத்தினான். டப்பாவைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். மெல்லத் திரும்பிக் குழிகளைப் பார்த்தான். "இன்னைக்கு என்ன நாளு?"

நார்மன் டப்பாவை மூடினான்.

"ஆகஸ்டா?"

"ஆகஸ்டுதான் வில்ஃப்," என்றான் நார்மன்.

"யாரு தோண்டுனது?"

"நான்தான்," என்றாள் ஹில்டா. "எனக்கென்ன தெரியும், பொம்பளை. கண்காட்சின்னு நெனச்சுத் தோண்டிட்டேன். என்னையத் திட்டு வில்ஃப்."

அவன் குனிந்து லீக்ஸின் வேரை விரலால் வருடினான். "உனக்கு இப்படி வேர் வாரத் தெரியாது புள்ள," என்றான். பிறகு நனைந்த டையை, மண் அப்பிய தன் கையை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ரொம்ப நாளா இப்படி இருக்கேனா?"

பொய் சொல்ல வேண்டும் என்று ஹில்டா நினைத்தாள். ஒன்றரை வருடமாக ஊருக்கே பொய் சொன்னவளுக்கு அப்போது வாய் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். வில்ஃப் பார்வை அவள் கன்னத்தில் போய் நின்றது. போன வருடம் ஜூனில் விழுந்த காயத்தின் வடு கண்ணுக்குக் கீழே இன்னும் கோடாகத் தெரிந்தது.

"அது நானா?"

"அலமாரிக் கதவு."

"நான்தான்," என்றான் அவன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அழவில்லை. சங்கத்தில் தீர்ப்புச் சொல்கிற பழைய குரலில் பேசினான். "நார்மன், புஸ்தகத்த எடு. பதினேழாம் துண்டு காலின்னு எழுது. கவுன்சிலுக்குச் சொல்லிரு. வரிசையில அடுத்து யாரோ அவங்களுக்கு."

"வில்ஃப், வேண்டாம்!" ஹில்டா ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தாள். "நான் பாத்துக்கறேன். என்னால முடியும்."

"அடுத்த வாரம் பேசிக்கலாம்டா," என்றான் நார்மன். "இப்ப என்ன அவசரம்? ஹில்டா பேருக்கு மாத்த முடியுமான்னு நான் கேட்டுப் பாக்கறேன்."

"கேளு. ஆனா கேட்டு வர்ற வரைக்கும் இவளை நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்கே எழுது. நாளைக்கு எனக்குத் தெரியாமப் போயிரும்."

நார்மன் எழுதினான். எழுத்து கோணிக்கொண்டது. வில்ஃப் பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டான், முழுப் பெயரும், தேதியும். தேதியை மட்டும் நார்மனிடம் கேட்டுக்கொண்டான். ரொட்டியை யாரும் தொடவில்லை. வீடு போய்ச் சேரும்வரை வில்ஃப் அவள் கையை விடவில்லை. வழியில் இரண்டு முறை, "உன்னைய ரொம்பப் படுத்திட்டேன் புள்ள," என்றான். ஹில்டா வாசல் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தபோது அவன் அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்து, டீ கிடைக்குமாங்க என்று கேட்டான்.

நார்மன் சொன்னபடி கேட்டுப் பார்த்தான். மனைவி பேரைச் சீட்டில் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருந்ததாம். வாடகைக்காரர் விட்டுக்கொடுப்பதற்கு முன்பு விண்ணப்பித்திருக்க வேண்டுமாம். வசந்தத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் சொன்ன நார்மன் அழுதுவிட்டான். ஹில்டாதான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் இல்லத்துக்கு ஃபோன் செய்தாள். ஒரு அறை காலியாக இருக்கிறது, வியாழக்கிழமை அழைத்து வரலாம் என்றாள் அந்தப் பக்கம் பேசிய பெண். நல்ல மாதிரிதான் பேசினாள்.

"அவருக்கு என்னம்மா பிடிக்கும்? டிவி பாப்பாரா? சீட்டு விளையாடுவாரா?"

"மண்ணு கிண்டுவாரு," என்றாள் ஹில்டா. "அங்க ஏதாவது இடம் இருக்கா? ஒரு பாத்தி போதும்."

"அதெல்லாம் விடறதில்லம்மா, விழுந்து இடுப்ப ஒடிச்சுக்குவாங்க. ஜன்னலோரமா தொட்டி வச்சிருக்கோம், அழகா இருக்கும். பிளாஸ்டிக் பூதான், தண்ணி ஊத்தற வேலையே இல்ல."

"சரி," என்றாள் ஹில்டா. "வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு வந்தால் வில்ஃப் வாசற்படியில் நிற்கிறான். தொப்பி போட்டிருந்தான். பூட்ஸைக் கால் மாற்றி மாட்டியிருந்தான்.

"ஏ புள்ள, சீக்கிரம் வா. வெயில் ஏறிட்டா லீக்ஸுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது."

நாள் தவறாமல் அவன் இப்படிக் கூப்பிட மாட்டானா என்று அவள் ஏங்கிக் கிடந்த குரல் அது. ஹில்டா தரையில் உட்கார்ந்து, அவன் பூட்ஸைக் கழற்றி, சரியான காலில் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.